அழித்த கோப்பு திரும்பி வந்த கதை

கணினியில் ஒரு கோப்பை அழித்தால் அது எங்கே போகிறது?

பலரும் நினைப்பது போல அது காற்றில் கரைந்து போவதில்லை. பழைய கணினிகளில் பெரும்பாலும் அது இருந்த இடத்திலேயேதான் கிடந்தது. "இந்த இடம் காலி, யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று ஒரு குறி மட்டும் போடப்பட்டது. வீட்டுக்குள் சாமான்கள் அப்படியே கிடக்க, வாசலில் மட்டும் டு-லெட் போர்டு மாட்டியது மாதிரி. புதுக் குடித்தனக்காரர் வந்து தன் சாமான்களை இறக்கும்போதுதான் பழையவை உண்மையாகவே போகும்.

இன்று எல்லாக் கணினியிலும் மூலையில் உட்கார்ந்திருக்கும் குப்பைத்தொட்டியின் வரலாறு இந்தச் சின்ன விஷயத்தில்தான் தொடங்குகிறது. அந்த வரலாற்றில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில், அழித்த கோப்பு திரும்பக் கிடைத்தது அதிர்ஷ்டத்தால். இரண்டாவது கட்டத்தில், சிலர் உட்கார்ந்து யோசித்து அதை ஒரு வாக்குறுதியாக மாற்றினார்கள். அந்த வாக்குறுதியை ஒழுங்காகக் கொடுக்கக் கற்றுக்கொள்ள முப்பது வருடங்களுக்கு மேல் ஆனது!

முதல் எழுத்து மட்டும் தொலைந்தது

1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் 8 அங்குல ஃபிளாப்பிகள் புழக்கத்துக்கு வந்தன. ஃபார்மட் செய்து விற்கப்பட்ட அந்த ஃபிளாப்பிகளில், எதுவும் எழுதப்படாத இடம் முழுவதும் ஒரே மதிப்பால் நிரப்பப்பட்டிருக்கும். பதினாறை அடிமானமாகக் கொண்ட எண் முறையில் அதை ஈ5 என்று எழுதுவார்கள். நமக்குப் பழக்கமான எண்ணில் சொன்னால் 229.

1974-ல் கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளம் இதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்டது. கோப்புகளின் பட்டியலில் ஒரு வரியின் முதல் பைட் ஈ5 என்று இருந்தால் அந்த வரி காலி என்று அர்த்தம். புது ஃபிளாப்பி முழுக்க ஈ5-தான் என்பதால், கடையில் வாங்கி வந்த கையோடு அது காலிப் பட்டியலாகவே தெரியும். சரி, ஒரு கோப்பை அழிக்க வேண்டுமென்றால்? அந்த வரியின் முதல் பைட்டில் மறுபடி ஈ5 எழுதினால் போதும். வேலை முடிந்தது.

1980-ல் டிம் பேட்டர்சன் எழுதி, பின்பு மைக்ரோசாஃப்ட் வாங்கி எம்எஸ்-டாஸ் ஆக்கிய இயங்குதளத்திலும் இதே வழக்கம் தொடர்ந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். சிபி/எம்மில் முதல் பைட் பயனரின் எண்ணுக்கானது. கோப்பின் பெயர் இரண்டாவது பைட்டிலிருந்துதான் தொடங்கும். டாஸில் முதல் பைட்டே பெயரின் முதல் எழுத்து. ஆகவே பட்ஜெட் என்று ஒரு கோப்பு இருந்து அதை அழித்தால், பட்டியலில் "?ட்ஜெட்" என்று மிச்சம் இருக்கும். கோப்பின் அளவு, தேதி, அது தட்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற குறிப்பு எல்லாம் அப்படியே பத்திரமாக இருக்கும். போனது ஒரு எழுத்து.

இந்த ஈ5 ஜப்பானில் வேறு விதமாகத் தலைவலி கொடுத்தது. ஜப்பானிய எழுத்துகளுக்கான ஷிஃப்ட்-ஜிஸ் முறையில் ஈ5 என்பது சில காஞ்சி எழுத்துகளின் முதல் பைட். அந்த எழுத்தில் தொடங்கும் பெயரை வைத்தால், உயிரோடு இருக்கும் கோப்பு அழிக்கப்பட்டதாகத் தெரியும்! அதனால் அப்படிப்பட்ட பெயர்களில் ஈ5-க்குப் பதிலாக 05 என்று எழுதி வைக்கும் ஏற்பாட்டை டாஸில் செய்தார்கள்.

நார்ட்டன் செய்த வியாபாரம்

ஒரு எழுத்துதானே போனது, அதைத் திரும்ப எழுதினால் கோப்பு வந்துவிடாதா? கிட்டத்தட்ட வந்துவிடும். இதை வைத்துப் பெரிய தொழிலையே உருவாக்கியவர் பீட்டர் நார்ட்டன். அமெரிக்காவைச் சேர்ந்த இவர் 1970களில் சுமார் ஐந்து வருடங்கள் ஒரு பௌத்த மடாலயத்தில் இருந்தவர். பிறகு நிரலாளராக வேலை பார்த்தார். தவறுதலாக ஒரு கோப்பை அழித்துவிட்டு, அதை மறுபடி தட்டச்சு செய்வதற்குப் பதிலாக, அதைத் தட்டிலிருந்து தேடி எடுக்க ஒரு நிரல் எழுதினார். 1982-ல் வெளிவந்த நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் தொகுப்பின் முக்கியமான சரக்கே இந்த அன்-இரேஸ் நிரல்தான். 1990-ல் அவருடைய நிறுவனத்தை சைமன்டெக் வாங்கியது.

வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கியது தாங்கள் தொலைத்த உழைப்பை. ஒரு வாரம் உட்கார்ந்து அடித்த கணக்கு ஒரு நொடியில் போய்விட்ட நிலையில், அது திரும்பக் கிடைக்கும் என்று சொன்னவர் நார்ட்டன்.

ஆனால் அந்த மீட்பில் உத்தரவாதம் எதுவும் கிடையாது. டாஸில் ஒரு பெரிய கோப்பு தட்டில் பல துண்டுகளாக இருக்கும். முதல் துண்டில் தொடங்கி, "அடுத்த துண்டு எங்கே" என்று சொல்லும் சங்கிலி ஒன்று ஃபேட் என்ற அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். அழிக்கும்போது அந்தச் சங்கிலியைப் பூஜ்யமாக்கிவிடுவார்கள். தொடக்கம் மட்டும் தெரியும், தொடர்ச்சி தெரியாது. துண்டுகள் அடுத்தடுத்து வரிசையாக இருந்தால் ஊகித்து எடுத்துவிடலாம். சிதறிக் கிடந்தால் கஷ்டம்தான். அதற்குள் வேறு கோப்பு அந்த இடத்தில் எழுதப்பட்டிருந்தால் எதுவுமே செய்ய முடியாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கோப்பு போன பிறகு பதறிப்போய் மீட்பு மென்பொருளை வாங்கி அதே தட்டில் நிறுவினால், அந்த மென்பொருளே தொலைந்த கோப்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிடலாம்!

1991 ஜூனில் வந்த எம்எஸ்-டாஸ் 5-ல் அன்டெலீட் என்ற கட்டளையை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. சென்ட்ரல் பாயின்ட் என்ற நிறுவனத்திடம் உரிமம் பெற்ற நிரல் அது. கோப்பைத் திரும்பக் கேட்டால் அது கேட்கும் ஒரு கேள்வி: பெயரின் முதல் எழுத்து என்ன? கணினி மறந்துபோன ஒரு எழுத்தை மனிதன் ஞாபகப்படுத்திச் சொல்ல வேண்டும்.

முன்பே யோசித்தவர்கள்

டாஸுக்குப் பல வருடம் முன்பே இந்த விஷயத்தைச் சரியாக யோசித்தவர்கள் இருந்தார்கள். 1970-ஐ ஒட்டிய வருடங்களில் அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில் பிடிபி-10 கணினிக்காக டெனெக்ஸ் என்ற இயங்குதளம் எழுதப்பட்டது. மின்னஞ்சல் முகவரியில் வரும் @ குறியைப் புகுத்திய ரே டாம்லின்சன் அதை எழுதியவர்களில் ஒருவர். அந்த டெனெக்ஸிலும், அதன் வாரிசான டாப்ஸ்-20-யிலும் அழித்தல் என்பது இரண்டு படிகளாக இருந்தது. டெலீட் என்றால் கோப்பின் மேல் ஒரு குறி மட்டும் விழும். அன்டெலீட் என்றால் குறி நீங்கும். எக்ஸ்பஞ்ச் என்ற கட்டளை கொடுத்தால் நிஜமாகவே போகும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறி போட்ட கோப்பின் இடத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. டாப்ஸ்-20-யில் தட்டில் எவ்வளவு இடம் எடுத்திருக்கிறோம் என்று கேட்டால், "அழிக்கப்பட்டவை இத்தனை பக்கம்" என்று தனியாகக் காட்டும். அதாவது மன்னிப்புக்கு ஒரு விலை இருக்கிறது, அந்த விலை இடம். அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தால் திரும்பப் பெறுவது உறுதி. நார்ட்டன் கொடுத்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

திரையில் ஒரு தொட்டி

1983 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் லிசா கணினியை வெளியிட்டது. அதன் திரை ஒரு அலுவலக மேஜை மாதிரி இருந்தது. மேஜை என்றால் காகிதம் உண்டு, காகிதம் என்றால் குப்பைக் கூடையும் உண்டு. ஒரு கோப்பைச் சுட்டியால் இழுத்துக் கூடையில் போடலாம், மனம் மாறினால் வெளியே எடுக்கலாம். அடுத்த வருடம் வந்த மெக்கின்டாஷும் இதையே பின்பற்றியது.

கட்டளைகளைப் படித்துத் தெரிந்துகொள்ளாத ஒருவருக்கும் இது உடனே புரிந்தது. வீட்டில் தவறுதலாகக் குப்பையில் போட்ட ரசீதைக் கிளறி எடுக்காதவர் யார்? ஆனால் முதல் மெக்கின்டாஷின் தொட்டிக்கு ஞாபகசக்தி குறைவு. ஒரு மென்பொருளைத் திறந்தாலோ, கணினியை நிறுத்தினாலோ அது தன்னைத்தானே காலி செய்துகொள்ளும். 400 கிலோபைட் ஃபிளாப்பி ஒன்றில் வாழ்க்கை நடத்திய இயந்திரம் அது, இடம் இல்லை. பயனர் சொன்னால் மட்டுமே தொட்டி காலியாகும் என்ற நிலை 1991-ல் வந்த சிஸ்டம் 7-ல்தான் ஏற்பட்டது.

அதே தொட்டியில் ஆப்பிள் செய்த குழப்பமும் பிரபலமானது. ஃபிளாப்பியை வெளியே எடுக்க அதன் படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும்! தன் மொத்த வேலையும் இருக்கும் ஃபிளாப்பியைக் குப்பையில் போடச் சொன்னால் யாருக்குத்தான் கை நடுங்காது?

"நிச்சயமாக அழிக்கவா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதாதா, தொட்டி எதற்கு என்று தோன்றலாம். டாஸ் அதைத்தான் செய்தது. ஒரு அடைவில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னால் ஆமா, இல்லையா என்று கேட்கும். ஆனால் நூறு முறை அதே கேள்விக்கு ஆமா என்று சொன்ன விரல், நூற்றியோராவது முறை கேள்வியைப் படிக்காமலேயே ஆமா என்று அடித்துவிடும். மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின் 2000-ல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் வலியுறுத்தினார். உறுதி கேட்பதால் பயனில்லை, செய்ததைத் திரும்பப் பெற வழி கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். தவறு செய்தவருக்குத் தான் செய்தது தவறு என்று தெரிவது, செய்து முடித்த பிறகுதானே!

விண்டோஸின் கணக்குப் புத்தகம்

1993-ல் வந்த எம்எஸ்-டாஸ் 6-ல் டெலீட் சென்ட்ரி என்ற வசதி இருந்தது. அழிக்கும் கோப்பை சென்ட்ரி என்ற மறைவான அடைவுக்கு நகர்த்திவிடும். தட்டில் சுமார் 7 சதவீத இடத்துக்கு மேல் அது எடுத்துக்கொள்ளாது. நிறைந்தால் பழையதிலிருந்து வெளியே போகும். டாஸ் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த முதல் உண்மையான வாக்குறுதி என்று இதைச் சொல்லலாம்.

1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95-ல் இதுவே ரீசைக்கிள் பின் ஆனது. இங்கே ஒரு புதுப் பிரச்சனை. காலையில் ஒரு அடைவிலிருந்து லெட்டர் என்ற கோப்பையும், மாலையில் வேறொரு அடைவிலிருந்து அதே பெயருள்ள இன்னொரு கோப்பையும் அழித்தால், ஒரே தொட்டிக்குள் இரண்டையும் எப்படி வைப்பது? விண்டோஸ் எல்லாவற்றுக்கும் பெயரையே மாற்றியது. சி டிரைவிலிருந்து வந்த கோப்பு டிசி1, டிசி2 என்று வரிசை எண் பெறும். பழைய பெயர், எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்பதெல்லாம் தனியாக ஒரு மறைவான பதிவுக் கோப்பில் எழுதப்படும். விண்டோஸ் 98 முதல் எக்ஸ்பி வரை அந்தப் பதிவுக்குப் பெயர் இன்ஃபோ2. லாட்ஜில் பெட்டியைக் கொடுத்து டோக்கன் வாங்குவது மாதிரிதான்.

ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துவிட்டால் அதற்கான பதிவை இன்ஃபோ2 எப்படி நீக்கியது தெரியுமா? பதிவை அழிக்காது. பாதையின் முதல் எழுத்தை மட்டும் பூஜ்யமாக்கும். ஈ5-ன் அதே பழைய பழக்கம்!

இந்த ஒற்றைப் பதிவுக் கோப்பில் ஒரு பலவீனம் இருந்தது. அது கெட்டுப்போனால் தொட்டியில் உள்ள எல்லாமே பெயரில்லாத அனாதைகள். 2007-ல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இதை மாற்றினார்கள். அழித்த ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே ஒரு குறிப்புக் கோப்பு. ஒன்று கெட்டால் ஒன்றோடு போகும்.

தொட்டியே இல்லாத ஊர்

யூனிக்ஸ் உலகத்தில் இப்படி எந்தக் கருணையும் இருக்கவில்லை. ஆர்.எம் என்ற இரண்டு எழுத்துக் கட்டளை, சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்துவிடும். பயனருக்குத் தான் செய்வது தெரியும் என்பது அங்கே நம்பிக்கை.

அந்த நம்பிக்கையின் விலை 1998-ல் பிக்ஸார் நிறுவனத்துக்குத் தெரிந்தது. டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகள் இருந்த இடத்தில் யாரோ அந்தக் கட்டளையை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். கண்ணெதிரே கதாபாத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. படத்தின் சுமார் 90 சதவீதம் போய்விட்டது. காப்பு நாடாக்களைத் தேடினால் அவையும் சரியாக வேலை செய்யவில்லை. படத்தைக் காப்பாற்றியது கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர். கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த அவரிடம் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வைகளில் சுற்றி, காரில் மெதுவாக எடுத்து வந்தார்கள். படம் 1999-ல் வெளியானது. இதுவும் அதிர்ஷ்டம்தான். அவருக்கு அப்போது குழந்தை பிறக்காமல் இருந்திருந்தால்?

லினக்ஸிலும் முதலில் அதிர்ஷ்டத்தைத்தான் நம்பினார்கள். மெக்சிகோவில் மாணவராக இருந்த மிகெல் டி இகாசா 1994-ல் ஆர்வத்துக்காக எழுதத் தொடங்கிய கோப்பு மேலாளர் மிட்நைட் கமாண்டர். நார்ட்டனின் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட நார்ட்டன் கமாண்டரைப் பார்த்து, அதே போல இரண்டு பலகைகளோடு எழுதப்பட்டது. நார்ட்டனின் மீட்பு வித்தையும் அதில் வந்து சேர்ந்தது. லினக்ஸின் இஎக்ஸ்டி2 கோப்பு முறையில், அழித்த கோப்பின் துண்டுகள் எங்கே என்ற குறிப்பு மிச்சம் இருக்கும். மிட்நைட் கமாண்டர் அதைப் படித்து, அழிந்தவற்றை ஒரு அடைவு போலவே காட்டும்.

ஆனால் 2001-ல் லினக்ஸில் இஎக்ஸ்டி3 வந்தது. மின்சாரம் போனாலும் தட்டு குழம்பாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்காக, அழிக்கும்போது அந்தக் குறிப்புகளையும் பூஜ்யமாக்கியது. பழைய மீட்பு வித்தை அதோடு செத்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யாரும் வாக்குக் கொடுக்காத ஒன்றை யாரும் காப்பாற்றவும் இல்லை. அவ்வளவுதான்.

தன்னார்வலர்கள் போட்ட ஒப்பந்தம்

கேடிஇ, க்னோம் போன்ற லினக்ஸ் மேசைத்தளங்களில் 1990களின் இறுதியிலேயே குப்பைத்தொட்டி படம் இருந்தது. ஆனால் அது வெறும் ஒரு அடைவு. அழித்த கோப்பு அங்கே நகர்த்தப்படும். எங்கிருந்து வந்தது என்று எந்தக் குறிப்பும் கிடையாது. திரும்ப வேண்டுமென்றால் பழைய இடத்தைப் பயனர்தான் ஞாபகம் வைத்து எடுத்துப் போட வேண்டும். அதோடு, கேடிஇயின் தொட்டியில் போட்டது க்னோமுக்குத் தெரியாது.

இதைச் சரி செய்ய 2004-ல் ஒரு பொது விதிமுறை எழுதப்பட்டது. எழுதியவர் மிகைல் ராமென்டிக். கேடிஇயின் டேவிட் ஃபோர், க்னோமின் அலெக்சாண்டர் லார்சன் போன்றவர்கள் அதற்கு உள்ளடக்கம் தந்தார்கள். ஒரு பெரிய நிறுவனத்தின் உத்தரவு இல்லை இது. தனியாக ஒரு கோப்பு மேலாளரைப் பொழுதுபோக்காக எழுதும் யாரும், சில பக்கங்களைப் படித்து ஒரு ஒழுங்கான தொட்டியைக் கட்டிவிடலாம். அந்தச் சில பக்கங்களில் முப்பது வருட அனுபவம் இருக்கிறது.

முதல் விதி, தொட்டிக்குள் இரண்டு அடைவுகள். ஒன்றில் அழித்த கோப்புகள், இன்னொன்றில் அவற்றைப் பற்றிய குறிப்புகள். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சிறு குறிப்புக் கோப்பு. அதில் இரண்டே விவரங்கள்: பழைய இடம், அழித்த நேரம்.

கணக்கு எழுதுபவர்களுக்கு இது புதிதல்ல. பேரேட்டில் ஒரு பதிவு தவறு என்றால் அதை ரப்பரால் அழிப்பது கூடாது. அதை நேர்செய்ய இன்னொரு பதிவு போட வேண்டும். அழித்தேன் என்பதே ஒரு நடவடிக்கை, அதற்கும் தேதியும் விவரமும் வேண்டும். இரண்டு வரிக் குறிப்புக் கோப்பு செய்வதும் அதேதான்.

இரண்டாவது, வரிசை. முதலில் குறிப்பை எழுத வேண்டும், பிறகுதான் கோப்பை நகர்த்த வேண்டும். ஏன் இந்த வரிசை? நடுவில் மின்சாரம் போனதாக வைத்துக்கொள்வோம். குறிப்பு முதலில் எழுதப்பட்டிருந்தால், கோப்பு பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்கும். தொட்டியில் ஒரு வெற்றுக் குறிப்பு மட்டும் கிடக்கும், நஷ்டமில்லை. தலைகீழாகச் செய்திருந்தால், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு கோப்பு தொட்டியில் கிடக்கும். அதோடு, குறிப்பை உருவாக்கும்போதே "இந்தப் பெயரில் ஏற்கனவே ஒன்று இருந்தால் தோற்றுப்போ" என்ற நிபந்தனையோடு உருவாக்க வேண்டும். ஒரே நொடியில் இரண்டு நிரல்கள் ஒரே பெயரைப் பிடிக்க முயன்றாலும் ஒன்றுக்குத்தான் கிடைக்கும். மற்றது வேறு பெயர் தேடும். லெட்டர் என்ற பெயரில் வந்த பழைய மோதல் இங்கே தீர்ந்தது.

மூன்றாவது, வேறு தட்டுகள். ஒரே தட்டுக்குள் ஒரு கோப்பை நகர்த்துவது என்றால் அதன் விலாசத்தை மாற்றுவதுதான். நான்கு ஜிகாபைட் படமானாலும் கண் இமைக்கும் நேரத்தில் முடியும். ஆனால் பென்டிரைவில் உள்ள படத்தை ஹார்ட் டிஸ்கில் இருக்கும் தொட்டிக்கு அனுப்ப வேண்டும் என்றால் முழுவதையும் பிரதி எடுக்க வேண்டும். அழிப்பதற்கு ஐந்து நிமிடம் யார் காத்திருப்பார்கள்? ஆகவே அந்தந்தத் தட்டிலேயே ஒரு தொட்டி வைக்க விதிமுறை வழி செய்தது. பென்டிரைவில் எல்லாவற்றையும் அழித்த பிறகும் இடம் காலியாகவில்லையே என்று குழம்பியவர்கள் பலர். மறைவான அந்தத் தொட்டிதான் காரணம்.

நான்காவது, பல பேர் பயன்படுத்தும் கணினி. எல்லோரும் எழுதக்கூடிய ஒரு பொதுத் தொட்டி இருந்தால், ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்துவிடலாம். அல்லது ஒரு விஷமி அந்தத் தொட்டியின் பெயரில் வேறு இடத்துக்கு வழிகாட்டும் ஒரு போலியை வைத்துவிடலாம். அதனால் பொதுத் தொட்டிக்குள் ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்ணில் தனி அறை. பயன்படுத்தும் முன் அது போலி இல்லை, பாதுகாப்புக் குறி சரியாக இருக்கிறது என்று சோதிக்க வேண்டும்.

2005 மார்ச்சில் வந்த கேடிஇ 3.4 இந்த விதிமுறையைப் பின்பற்றியது. 2008-ல் க்னோம் 2.22-ம் சேர்ந்துகொண்டது. விதிமுறைக்கு 1.0 என்ற எண் கிடைத்தது 2014 ஜனவரியில். பத்து வருடங்கள் கிட்டத்தட்ட! அதற்குள் பல சிறு கோப்பு மேலாளர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தன. ஒன்றில் போட்ட கோப்பை இன்னொன்றில் எடுக்கலாம் என்ற நிலை வந்தது.

நாணயத்தின் மறுபக்கம்

அழித்தது திரும்பி வருவது எல்லா நேரத்திலும் நல்ல செய்தி இல்லை. எம்ஐடியில் ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் 2000 முதல் 2002 வரை பழைய ஹார்ட் டிஸ்குகள் 158-ஐ விலைக்கு வாங்கிப் பார்த்தார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. அந்த 129-ல் முறையாகச் சுத்தம் செய்யப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவக் குறிப்புகள், சொந்தக் கடிதங்கள்! விற்றவர்களில் பலர் அழித்துவிட்டோம் என்றுதான் நம்பியிருப்பார்கள். டு-லெட் போர்டு மாட்டிவிட்டு, சாமான்களோடு வீட்டை விற்ற கதை.

ஆப்பிள் 2003-ல் பாதுகாப்பாகத் தொட்டியைக் காலி செய்யும் வசதி ஒன்றைச் சேர்த்தது. கோப்பு இருந்த இடத்தின் மேல் வேறு தகவலை எழுதி மூடிவிடும். 2015-ல் அதை நீக்கிவிட்டது. ஃபிளாஷ் நினைவகத் தட்டுகளில் அந்த உறுதியைக் கொடுக்க முடியவில்லை என்பதே காரணம். அந்தத் தட்டுகள் எதை எங்கே எழுதுவது என்று தாங்களே முடிவு செய்யும். மேலே எழுதினாலும் பழையது வேறெங்கோ மிச்சம் இருக்கலாம்.

மறுபுறம், அதே எஸ்எஸ்டி தட்டுகள் நார்ட்டன் காலத்து அதிர்ஷ்டத்துக்கும் முடிவு கட்டின. 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல், ஒரு கோப்பை அழித்தவுடன் "இந்த இடம் இனித் தேவையில்லை" என்று இயங்குதளமே தட்டுக்குச் சொல்லிவிடுகிறது. டிரிம் என்று அதற்குப் பெயர். தட்டு தனக்கு நேரம் கிடைக்கும்போது அந்த இடத்தை உண்மையாகவே சுத்தம் செய்துவிடும். சாமான்கள் உள்ளேயே கிடக்கும் காலம் போய்விட்டது. ஷிஃப்ட் விசையோடு டெலீட் அடித்துவிட்டு, மீட்பு மென்பொருளைத் தேடி ஓடினால் பெரும்பாலும் வெறுங்கைதான்.

ஆக, இன்று மிச்சம் இருப்பது வாக்குறுதி மட்டுமே. தொட்டியில் போட்டது திரும்பும், ஏனென்றால் யாரோ அதற்கு ஒரு இடம் ஒதுக்கி, அது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தொட்டியைத் தாண்டிப் போனது திரும்பாது. இன்று புதிதாக ஒரு கோப்பு மேலாளரை எழுத உட்காரும் ஒரு மாணவருக்கு இது முன்னைவிடப் பெரிய பொறுப்பு. நார்ட்டன் காலத்தில் நிரல் எழுதியவர் மறந்துபோனால்கூடத் தட்டு ஞாபகம் வைத்திருந்தது. இப்போது அவர் மறந்தால், வேறு யாரும் ஞாபகம் வைத்திருக்கப் போவதில்லை.

அழிக்கும் பொத்தானை எழுதுவது ஐந்து நிமிட வேலை. அழித்தவர் "ஐயோ" என்று சொல்லும் அடுத்த நொடிக்காக எழுதுவதுதான் உண்மையான வேலை.